ரூபாய் நோட்டை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கும் செலவை யார் ஏற்க வேண்டும்? வங்கியா, வாடிக்கையாளரா, ரிசர்வ் வங்கியா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். வேறு வங்கி ஏடிஎம்மில் இலவச வரம்பைத் தாண்டினால் 23 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கிறார்கள், என் பணத்தை எடுக்க நான் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. அவருடைய மளிகைக்கடை வசூலை வங்கியில் கட்டப் போனால் பத்து, இருபது ரூபாய் நோட்டுக் கட்டுகளுக்குக் கட்டணம் கேட்கிறார்கள், அது நியாயமா என்பது இன்னொன்று.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்டை வெளியிட்டு அதனால் வருமானம் பார்ப்பவர் யாரோ, அவர்தான் கடைசி ஊர் வரைக்குமான செலவையும் ஏற்க வேண்டும். அதாவது ரிசர்வ் வங்கி. அதன் உபரி முழுக்கப் போய்ச் சேரும் இடமான மத்திய அரசு. ஆனால் எல்லாருக்கும் எல்லாமே இலவசம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தென்மாவட்டத்தில் ஒரு செஸ்ட்டில் கொஞ்ச காலம் சாவி வைத்திருந்த இருவரில் ஒருவன். அதனால் வங்கிக்காரன் பார்வை இதில் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

செஸ்ட் என்பது ரிசர்வ் வங்கியின் பணத்தை மற்ற வங்கிகள் பூட்டிக் காக்கும் கிடங்கு. வெளியில் பலருக்கு இது தெரியாது. மைசூரு, சல்போனி, நாசிக், தேவாஸ் ஆகிய நான்கு ஊர் அச்சகங்களில் நோட்டு அடிக்கிறார்கள். அங்கிருந்து சென்னை போன்ற ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகங்களுக்கும், நாடு முழுக்க இருக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் செஸ்ட்டுகளுக்கும் பணம் வரும். இந்தச் செஸ்ட்டுகளில் பாதிக்கு மேல் ஸ்டேட் வங்கியிடம் இருக்கின்றன. மீதி மற்ற வங்கிகளிடம். கட்டடம் வங்கியுடையது, இரும்புக் கதவு வங்கியுடையது, காவல் செலவு வங்கியுடையது, எண்ணிப் பிரிக்கும் இயந்திரமும் அதைத் துடைத்து ஓட்டும் ஆளும் வங்கியுடையது. உள்ளே இருக்கும் பணம் மட்டும் வங்கியுடையது இல்லை, ரிசர்வ் வங்கியுடையது. ஒரு கட்டு வெளியே எடுத்தால் எங்கள் வங்கியின் கணக்கில் ரிசர்வ் வங்கி பற்று வைக்கும், திரும்ப உள்ளே வைத்தால் வரவு வைக்கும். அன்றைய கணக்கைத் தப்பாகவோ தாமதமாகவோ தெரிவித்தால் அபராத வட்டி. ஆக, செஸ்ட் வைத்திருக்கும் வங்கி ரிசர்வ் வங்கிக்குக் களஞ்சியக் காவல்காரன். கூலி?

செஸ்ட் இல்லாத வங்கிகள் தங்கள் பணத்தை இங்கே கொண்டுவந்து போடும்போது நூறு நோட்டு கொண்ட கட்டு ஒன்றுக்கு 5 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. 2019-இல் பெரிய செஸ்ட்டுகளுக்கான புதிய விதிகள் வந்தபோது அதை 8 ரூபாய் வரை உயர்த்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. அந்தப் பெரிய செஸ்ட்டுக்கான நிபந்தனைகளையும் பாருங்கள்: குறைந்தது 1,500 சதுர அடி வலுவறை, நாளொன்றுக்கு 6.6 லட்சம் நோட்டுகளைச் சரிபார்க்கும் திறன், 1,000 கோடி ரூபாய் இருப்பு வைக்கும் வசதி. இதைக் கட்டி நடத்த எவ்வளவு ஆகும் என்று யோசித்தால் அந்த எட்டு ரூபாய் எந்த மூலைக்கு என்று புரியும்.

இந்தக் கட்டுக் கணக்கில்தான் விஷயத்தின் வேர் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்க் கட்டு என்றால் 50,000 ரூபாய். பத்து ரூபாய்க் கட்டு என்றால் 1,000 ரூபாய். எண்ணுவதற்கு ஆகும் நேரம் ஒன்றுதான், பெட்டியில் பிடிக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். சொல்லப்போனால் பத்து ரூபாய் நோட்டுக்கு வேலை அதிகம். மீன் ஈரமும், எண்ணெய்ப் பிசுக்கும், மடித்து மடித்துக் கிழிந்த மூலையுமாக வரும். இயந்திரம் துப்பிவிடும், கையால் எண்ண வேண்டும். கட்டுக்கு ஐந்து ரூபாய் என்று வைத்தால், ஐந்நூறில் அது பத்தாயிரத்துக்கு ஒரு ரூபாய். பத்தில் அது ஆயிரத்துக்கு ஐந்து ரூபாய். ஐம்பது மடங்கு வித்தியாசம். சின்ன நோட்டு யார் கையில் அதிகம் புழங்குகிறதோ அவர்கள் பணத்தைச் சுமக்கத்தான் செலவு அதிகம். அதனால்தான் எந்த வங்கிக்கும் சின்ன நோட்டைக் கண்டால் பிடிக்காது. கவுன்டரில் போய்ப் பத்து ரூபாய்க் கட்டு கேட்டால் “ஸ்டாக் இல்லீங்க” என்ற பதில் ஏன் வருகிறது என்பதற்கு இதுதான் காரணம். ஸ்டாக் சில சமயம் உள்ளே இருக்கும். எனக்குத் தெரியும்.

ஏடிஎம்மிலும் இதே கதை. ஏடிஎம்முக்குள் நோட்டு வைக்கும் பெட்டிக்குக் கேசட் என்று பெயர். ஒரு கேசட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் நோட்டு வைப்பார்கள் என்று கொள்ளுங்கள். ஐந்நூறாக நிரப்பினால் பத்து லட்சம், நூறாக நிரப்பினால் இரண்டு லட்சம். நூறு சீக்கிரம் தீரும், பணம் நிரப்பும் வண்டி மறுபடி வர வேண்டும். வண்டி வரும் ஒவ்வொரு தடவைக்கும் காசு. விட்டால் எல்லாரும் ஐந்நூறு மட்டும்தான் வைப்பார்கள், வைத்தார்கள். அதனால்தான் 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட வேண்டி வந்தது: அந்த ஆண்டு செப்டம்பர் முடிவுக்குள் 75 சதவீத ஏடிஎம்களும், 2026 மார்ச் முடிவுக்குள் 90 சதவீத ஏடிஎம்களும் குறைந்தது ஒரு கேசட்டிலாவது நூறு அல்லது இருநூறு ரூபாய் நோட்டு தர வேண்டும். நல்ல உத்தரவுதான். கூடுதல் நடைக்கு யார் காசு தருவது என்பது மட்டும் அதில் இல்லை.

அந்த வண்டிச் செலவும் லேசுப்பட்டதில்லை. 2018-இல் உள்துறை அமைச்சகம் விதி கொண்டுவந்தது: நகரத்தில் இரவு ஒன்பதுக்கு மேல், கிராமத்தில் மாலை ஆறுக்கு மேல் பணம் நிரப்பக் கூடாது; ஒரு நடையில் ஐந்து கோடிக்கு மேல் ஏற்றக் கூடாது; டிரைவர், இரண்டு கன்மேன், பணத்துக்குப் பொறுப்பான இரண்டு கஸ்டோடியன் கட்டாயம். அதே ஆண்டு ரிசர்வ் வங்கி, பணம் ஏற்றும் நிறுவனத்துக்குக் குறைந்தது 300 வண்டியும் 100 கோடி நிகர மதிப்பும் வேண்டும் என்றது. கொள்ளை, கொலை எல்லாம் நடந்த தொழில், விதி தேவைதான். ஆனால் செலவு ஏறியது. அந்த நவம்பரில் ஏடிஎம் தொழில் கூட்டமைப்பு, நாட்டில் இருந்த சுமார் 2.38 லட்சம் ஏடிஎம்களில் பாதியை மூட வேண்டி வரும் என்று பகிரங்கமாகவே எச்சரித்தது. அப்படி மூடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கட்டணங்கள் படிப்படியாக ஏறின.

நீங்கள் கட்டும் 23 ரூபாய் அந்த ஏற்றத்தின் கடைசிப் படி. 2009 ஏப்ரல் 1 முதல் எந்த வங்கி ஏடிஎம்மிலும் இலவசமாக எடுக்கலாம் என்று ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் வேறு வங்கி ஏடிஎம் என்றால் மாதம் ஐந்து தடவை என்று சுருங்கியது. 2014 நவம்பரில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மூன்று தடவை. கட்டணம் 20-இல் இருந்து 2022-இல் 21 ஆகி, 2025 மே 1 முதல் 23. ஜிஎஸ்டி சேர்த்தால் 27 ரூபாய் 14 பைசா. நீங்கள் வேறு வங்கி ஏடிஎம்மில் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும், அது இலவச வரம்புக்குள் இருந்தாலும், உங்கள் வங்கி அந்த ஏடிஎம் வைத்திருக்கும் வங்கிக்குப் பரிமாற்றக் கட்டணம் தருகிறது. 15 ரூபாயாக இருந்தது, 2021-இல் 17, இப்போது 19. கவனித்தீர்களா, இதெல்லாம் வங்கிக்கும் வங்கிக்கும், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் நடக்கும் கணக்கு. நோட்டில் கையெழுத்துப் போட்டவர் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. ஒரே ஒரு இடத்தில் வருகிறார்: மாதத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஏடிஎம் காலியாகக் கிடந்தால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2021 அக்டோபர் முதல் வசூலிக்க.

இனி ஏடிஎம்மும் இல்லாத ஊருக்கு வருவோம். எங்கள் சித்தி இருக்கும் ஊரில் வங்கி கிடையாது. வங்கி முகவராக இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் ஏறியதும் அங்கே வரிசை நிற்கும். கடைக்காரப் பையன் ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் பிடித்துக்கொள்கிறான். “ஆச்சி, பத்து ரூவா எடுத்துக்கிட்டேன், சரியா?” என்று சொல்லிவிட்டே எடுக்கிறான். வங்கி முகவர் வாடிக்கையாளரிடம் நேரடியாகக் காசு வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அவன் செய்வது விதிமீறல்தான். ஆனால் அவன் பக்கத்தையும் கேட்டேன். ஆச்சிக்கு அவன் தருவது தன் கைப்பணம். அதற்கு ஈடாக அவன் கணக்கில்தான் வரவு ஏறும். அந்த வரவை மறுபடி நோட்டாக்க, பைக்கில் டவுனுக்குப் போய், வங்கி வாசலில் நின்று, ஐந்நூறாகத் தந்தால் நூறாக மாற்ற நாலு கடை ஏறி, பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். பெட்ரோல் அவனுடையது. வழியில் யாராவது பிடுங்கினால் நட்டமும் அவனுடையது. கன்மேன் கிடையாது. அமைச்சகத்தின் ஐந்து பேர் விதி அவனுக்குப் பொருந்தாது. வங்கி தரும் கமிஷன் பட்டன் அமுக்கியதற்குத்தான். பணம் சுமந்ததற்குத் தனியாக எதுவும் இல்லை.

ஆக மொத்தத்தில் பார்த்தால், அச்சகத்திலிருந்து செஸ்ட் வரை ரிசர்வ் வங்கி, செஸ்ட்டிலிருந்து ஏடிஎம் வரை வங்கி, ஏடிஎம்மிலிருந்து ஊர் வரை ஜெராக்ஸ் கடைப் பையன், கடைசியில் பத்து ரூபாய் சித்தி. கை மாற மாறச் செலவைத் தாங்கும் சக்தி குறைந்துகொண்டே போகிறது.

இப்போது வருமானம் யாருக்கு என்று பாருங்கள். நோட்டு என்பது ரிசர்வ் வங்கி தர வேண்டிய கடன். ஆனால் வட்டியில்லாக் கடன். அதற்கு ஈடாக ரிசர்வ் வங்கி அரசுப் பத்திரமும் வெளிநாட்டுப் பத்திரமும் தங்கமும் வைத்திருக்கிறது. பத்திரங்கள் வட்டி தருகின்றன. 2025 மார்ச்சில் புழக்கத்தில் இருந்த நோட்டின் மதிப்பு ஏறத்தாழ 36.9 லட்சம் கோடி ரூபாய். சித்தி அஞ்சறைப் பெட்டிக்குள் ஆயிரம் ரூபாயை ஒரு வருடம் வைத்திருந்தால், ஆறு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் அறுபது ரூபாய் வட்டியை விட்டுக்கொடுக்கிறாள். அந்த அறுபது காற்றில் போகவில்லை, மும்பையில் இருக்கும் ரிசர்வ் வங்கிக்குப் போகிறது. 2024-25-க்கு ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்குக் கொடுத்த உபரி 2,68,590 கோடி. அதே ஆண்டு நோட்டு அச்சடிக்க ஆன செலவு சுமார் 6,373 கோடி. உபரியில் நூற்றுக்கு இரண்டரை கூட இல்லை. உபரி முழுக்க நோட்டால் வந்ததில்லை, டாலர் வாங்கி விற்றதில் வந்த லாபமும் அதில் பெரிய பங்கு என்று பொருளாதாரம் படித்தவர்கள் திருத்துவார்கள், சரிதான். அதற்காக நோட்டின் பங்கு சின்னதாகிவிடாது. சித்தி தன் பங்கை ஏற்கெனவே கட்டிவிட்டாள். பத்து ரூபாய் இரண்டாவது தடவை வாங்குவது.

“வங்கிக்கு லாபமே இல்லையா, சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டி கொடுத்துவிட்டு அதை வைத்துத்தானே கடன் கொடுக்கிறார்கள்?” என்று இங்கே ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. தன் வாடிக்கையாளர் தன் கிளையிலும் தன் ஏடிஎம்மிலும் எடுப்பதற்கு வங்கிதான் செலவு செய்ய வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒரு குக்கிராமத்தில், கணக்கில் முந்நூறு ரூபாய் இருப்புக்கு மேல் தங்காத நூறு பேருக்காக எந்த வங்கியும் சொந்தக் கணக்குப் பார்த்து வண்டி அனுப்பாது. அது பொதுக் கடமை. பொதுப் பணத்தில் நடக்க வேண்டும்.

இன்னொரு வாதம் இளைஞர்களிடம் அடிக்கடி கேட்கிறேன்: “நான் ஜிபேயில்தான் எல்லாம் கட்டுகிறேன், நோட்டுக்காரர்களுக்காக நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?” தம்பி, உன் யுபிஐயும் இலவசம் இல்லை. 2020 ஜனவரி 1 முதல் அதற்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதை ஈடுகட்ட, 2024-25-இல் சிறு வணிகர்களின் இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளான பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம் என்று பட்ஜெட்டிலிருந்து வங்கிகளுக்கு ஊக்கத்தொகை அறிவித்தார்கள். அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் சுமார் 1,500 கோடி. அதாவது செல்போனில் பணம் போனால் அரசு தருகிறது, நோட்டாகப் போனால் எடுப்பவர் தருகிறார். இரண்டும் இந்திய ரூபாய்தானே?

ஆஸ்திரேலியாவில் இந்தப் பிரச்சினை வெளிப்படையாகவே வெடித்தது. அங்கே ரொக்கம் குறைந்துகொண்டே போக, 2023-இல் இரண்டு பெரிய பணவண்டி நிறுவனங்கள் ஒன்றாகின. அப்படி ஒன்றாகி, நாட்டின் ரொக்கத்தில் பெரும்பகுதியைச் சுமக்கும் ஆர்மகார்ட் நிறுவனமும் தாக்குப்பிடிக்கவில்லை. 2024-இல் நான்கு பெரிய வங்கிகளும் பெரிய கடைத்தொடர்களும் தபால்துறையும் சேர்ந்து ஐந்து கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்தின. அங்கே அந்த ஏற்பாடு ஓடும். கட்டுபவர்கள் எட்டே பேர், எட்டும் பெரிய கைகள். நம் ஊரில் கடைசி மைலில் இருப்பது ஜெராக்ஸ் கடை.

எப்படிச் செய்யலாம்? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். நாணயத்துக்கு ஏற்கெனவே இந்த வழி இருக்கிறது. மக்களுக்கு நாணயம் விநியோகித்தால் பை ஒன்றுக்கு வங்கிக்கு 25 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி தந்து வந்தது. 2021 செப்டம்பர் முதல் 65 ரூபாய், கிராமம், சிற்றூர் என்றால் இன்னும் பத்து. (பத்து ரூபாய் நாணயத்தைத் தமிழ்நாட்டில் யாரும் வாங்காததால் மூட்டை மூட்டையாக வலுவறையில் கிடந்தது வேறு கதை. செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியும் பஸ் கண்டக்டரும் டீக்கடைக்காரரும் கேட்கவில்லை.) அதே மாதிரி, நூறு ரூபாய்க்குக் கீழான நோட்டுக் கட்டுக்கு ஒரு தொகை, தூரத்துக்குத் தக்கபடி கூடுதல், அதில் ஒரு பங்கு கட்டாயம் முகவர் கணக்கில் நேரே ஏற வேண்டும். வங்கி வழியாகக் கொடுத்தால் நடுவில் தேங்கும். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். அது கிடைக்கிற நாளில்தான் அந்தப் பையனிடம் “பத்து ரூபாய் வாங்காதே” என்று அதட்ட யாருக்கும் உரிமை வரும். அதுவரை புகார் எண்ணில் அவனைப் போட்டுக்கொடுத்தால் அவன் கடையை மூடுவான், சித்தி ஐம்பது ரூபாய் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போவாள்.

எல்லாருக்கும் இலவசம் இல்லை என்று மேலே சொன்னேன். நகைக்கடை, தனியார் மருத்துவமனை, கல்யாண மண்டபம், தினமும் லட்சக்கணக்கில் ரொக்கம் கட்டும் நிறுவனங்கள் கட்டணம் கட்டட்டும். அவர்களுக்கு அது தொழில் செலவு. கடைக்கே வண்டி வரவழைத்துப் பணத்தை ஏற்றி அனுப்புபவர்கள் அவர்கள். ரொக்கத்தை இலவசமாக்கினால் கருப்புப் பணம் பெருகும் என்பவர்களுக்கும் இதுவே என் பதில். கருப்புப் பணம் பத்து ரூபாய்க் கட்டாக வருவதில்லை.

உங்கள் மளிகைக்கடை விஷயத்துக்கு வருகிறேன். நடப்புக் கணக்கில் மாதம் இவ்வளவு வரை இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்று ஒவ்வொரு வங்கியும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது; சில இடங்களில் தொகையைப் பார்ப்பார்கள், சில இடங்களில் கட்டின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். உங்களுக்குத் தொகைக் கணக்குதான் லாபம், கட்டுக் கணக்கு நட்டம். கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கிளையில் தர வேண்டும். அழுக்கு நோட்டு மாற்றுவது வேறு விஷயம்: ஒரு நாளைக்கு இருபது நோட்டு வரை, மொத்தம் 5,000 ரூபாய்க்குள் என்றால் எந்த வங்கிக் கிளையிலும் கட்டணமில்லாமல் மாற்றித் தர வேண்டும், அங்கே உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அதற்கு மேல் போனால் கட்டணம் கேட்கலாம். ஆகையால் அழுக்கு நோட்டைச் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது மாற்றிவிடுங்கள். கட்டக் கொண்டுபோகும் நோட்டை முகம் ஒருபுறமாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போங்கள். ஸ்டேப்ளர் மட்டும் அடிக்காதீர்கள். கவுன்டரில் இருப்பவர் பாதி சந்தர்ப்பத்தில் அந்தக் கட்டணத்தைப் போடாமலே விட்டுவிடுவார். நான் விட்டிருக்கிறேன்.